அந்தப் பக்கம் போனால் மைனஸ்

பள்ளிக்கூடத்தை விட்டு இருபது வருடம் ஆனவர்களிடம் இயற்கணிதத்தில் என்ன நினைவிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு பதில்கள் வரும். ஒன்று, 'ஏ ப்ளஸ் பி ஹோல் ஸ்கொயர்'. மற்றது, 'ப்ளஸ் அந்தப் பக்கம் போனா மைனஸ், பெருக்கல் அந்தப் பக்கம் போனா வகுத்தல்'. முதலாவதைப் பாதிப் பேர் பாதியிலேயே விட்டுவிடுவார்கள். இரண்டாவதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்.

பாடநூல்கள் இதை இடமாற்று முறை என்கின்றன. ஏழாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் நடுவில் எங்கோ இது பிள்ளையின் கைக்கு வந்து சேர்கிறது. பிறகு பொறியியல் கல்லூரி வரை கூடவே போகிறது. விதி சரியானதுதான், அதில் சந்தேகமில்லை. கூட்டலுக்கும் கழித்தலுக்கும், பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் என்ன உறவு என்று பிள்ளை கண்டுகொள்ள வேண்டிய இடத்தில், அந்த உறவைத் தள்ளிவிட்டு இந்த விதி உட்கார்ந்துகொள்கிறது என்பதுதான் என் புகார்.

முதலில் அதன் பெருமையைச் சொல்லிவிடுவோம். 3ய + 5 = 20 என்று ஒரு கணக்கு. (வகுப்பில் எக்ஸ் என்று சொல்வதை இங்கே ய என்று எழுதிக்கொள்கிறேன்.) 5 அந்தப் பக்கம் போய் மைனஸ் ஆகிறது: 3ய = 20 − 5, அதாவது 15. பிறகு 3 அந்தப் பக்கம் போய்க் கீழே உட்காருகிறது: ய = 15/3. விடை 5. கரும்பலகையில் எழுத அரை நிமிடம் போதும். ஐம்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில், முக்கால் மணி நேரப் பீரியடில், இதைவிடச் சிக்கனமான கருவி ஆசிரியருக்குக் கிடைக்காது. எந்த நோட்டை எடுத்தாலும் வரிகள் ஒரே மாதிரி இருக்கும். எந்த வரியில் தடம் மாறியது என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். வாய்ப்பாட்டில் தடுமாறுகிற பிள்ளைகூட இதைப் பிடித்துக்கொண்டு பொதுத்தேர்வில் கரையேறிவிடுகிறது. கணக்குக்குப் பயந்து படிப்பை விட்டவர்கள் ஊருக்கு ஊர் இருக்கும்போது, ஒரு பிள்ளையைத் தேறவைக்கும் எதையும் ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவரும் தாளில் எழுதும்போது 5-ஐத் தூக்கி அந்தப் பக்கம்தான் போடுகிறார். 'இரு பக்கமும் 5-ஐக் கழிக்க' என்று ஒவ்வொரு முறையும் எழுதிக்கொண்டிருந்தால் ஓர் இயற்பியல் கணக்கும் முடியாது. ஆனால் ஏன் என்று கேட்டால், விட்டுவிட்ட வரியை அவரால் நடுவில் எழுதிக் காட்ட முடியும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அப்படி ஒரு வரி இருந்ததே தெரியாது.

இதை வெறும் குறுக்குவழி என்று ஒதுக்குபவர்கள் வரலாற்றையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 820 வாக்கில் பாக்தாத்தில் அல்-குவாரிஸ்மி எழுதிய இயற்கணித நூலின் அடிப்படை வேலையே இந்த இடமாற்றம்தான். ஆனால் அவர் அதை இரண்டாகப் பிரித்துச் சொன்னார். ஒரு பக்கத்தில் ஏதோ கழிக்கப்பட்டுக் குறையாக நின்றால், அந்தக் குறையை நிரப்பி, நிரப்பிய அளவை மறுபக்கத்திலும் சேர்ப்பது ஒரு வேலை. இரண்டு பக்கத்திலும் ஒரே வகை அளவு இருந்தால், சிறியதை இரண்டிலிருந்தும் எடுத்துவிடுவது இன்னொரு வேலை. அவரிடம் குறியீடுகள் கிடையாது. சமக்குறியே 1557-இல் இங்கிலாந்தில் ராபர்ட் ரெக்கார்டு வெளியிட்ட புத்தகத்தில்தான் வருகிறது. எல்லாவற்றையும் வாக்கியமாகவே எழுத வேண்டியிருந்ததால், ஒவ்வோர் அடியிலும் காரணமும் கூடவே வந்தது. நாம் இரண்டு வேலைகளையும் ஒரே வாசகத்தில் அமுக்கிவிட்டோம். அமுக்கும்போது காரணம் வெளியே விழுந்துவிட்டது.

அதன் விளைவு நோட்டில் தெரியும். −3ய = 12 என்று கொடுத்துப் பாருங்கள். ஒரு பிள்ளை ய = 12/3 = 4 என்று எழுதும். இன்னொன்று ய = 12 + 3 = 15 என்று எழுதும். கேட்டால் இரண்டுக்கும் ஒரே பதில்: "குறி மாறணும்ல?" இவர்களைக் கவனக்குறைவு என்று திட்டுவது நியாயமில்லை. இவர்கள் சொன்னபடி கேட்ட பிள்ளைகள். 3-க்கும் ய-வுக்கும் நடுவில் இருப்பது பெருக்கல். ஆனால் அந்தக் குறியை எழுதாமல் விடுவது இயற்கணித வழக்கம். எழுதியிருக்கிற மைனஸோ எண்ணின் ஒரு பகுதி. கண்ணுக்குத் தெரியாத குறியை மாற்று என்றால், பிள்ளை கண்ணுக்குத் தெரிகிற குறியைத்தான் மாற்றும். ஒரே கோடு செயலுக்கும் குறியாக, எண்ணுக்கும் குறியாக நிற்கிற இடத்தில் 'குறி மாறும்' என்ற வாசகம் எதைச் சொல்கிறது என்பதை வாசகமே சொல்வதில்லை.

"சார், மூணு அந்தப் பக்கம் போறப்ப மைனஸ் ஆகணுமா, கீழ போகணுமா?" கணக்கு வாத்தியார்கள் எல்லோருக்கும் பழக்கமான கேள்வி இது. 'கூட்டல்ல இருந்தா மைனஸ், பெருக்கல்ல இருந்தா கீழ' என்பது வழக்கமான பதில். பதிலில் பிழையில்லை. ஆனால் கேள்வியும் பதிலும் எண்கள் எங்கே போய் உட்காருகின்றன என்பதைப் பற்றியே இருக்கின்றன. 3 ய-வை என்ன செய்துகொண்டிருந்தது என்பது பேச்சிலேயே வரவில்லை. அதனால்தான் ய/4 + 3 = 7 என்பதில் சில பிள்ளைகள் முதலில் 4-ஐ மேலே அனுப்பி, ய + 3 = 28 என்று எழுதி, 25-இல் போய் நிற்கிறார்கள். ய-வை முதலில் நான்கால் வகுத்து, பிறகு 3 கூட்டியிருக்கிறது. கடைசியில் செய்ததை முதலில் கழற்றினால் 7-இலிருந்து 4, 4-இலிருந்து 16 என்று வரும். இடமாற்று விதியில் எதை முதலில், எதைப் பிறகு என்ற பேச்சே இல்லை.

இதைவிட ஆழமான ஓட்டை ஒன்று உண்டு. 10 − ய = 4.

இரண்டாம் வகுப்புப் பிள்ளையிடம் பத்து மிட்டாயில் எத்தனை தின்றால் நாலு மிஞ்சும் என்று கேட்டால் ஆறு என்று சொல்லிவிடும். அதே பிள்ளை எட்டாம் வகுப்புக்கு வந்ததும் 10-ஐ அந்தப் பக்கம் அனுப்புகிறது: −ய = 4 − 10. பிறகு −ய = −6. பிறகு இரண்டு பக்கமும் மைனஸை அடித்து ய = 6. ஆறு வயதில் தெரிந்த விடைக்குப் பதின்மூன்று வயதில் குறை எண்களைக் கடந்து சுற்றிக்கொண்டு போகிறது. இது பரவாயில்லை, விடையாவது சரி. 'செய்ததற்கு எதிரானதைச் செய்' என்று கற்ற பிள்ளையின் பாடு இன்னும் மோசம். கழித்தலுக்கு எதிர் கூட்டல், ஆகவே 4 + 10 = 14 என்கிறது. 12 ÷ ய = 3 என்று கொடுத்தால் 36 என்கிறது.

கழித்தலில் இரண்டு இருக்கைகள் இருக்கின்றன. எதிலிருந்து கழிக்கிறோம், எதைக் கழிக்கிறோம். ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்கார முடியாது. ய − 10 = 4 என்றால் 'பத்தை எடு' என்பதை அவிழ்க்க 'பத்தைச் சேர்' போதும். 10 − ய = 4 என்றால் நடந்திருப்பது 'பத்திலிருந்து கழி'. அதை அவிழ்ப்பதும் 'பத்திலிருந்து கழி' என்பதேதான்; 10 − 4 செய்தால் 6 வந்துவிடும். வகுத்தலும் அப்படியே. 12-ஐ ஏதோ ஒன்றால் வகுத்து 3 வந்தால், 12-ஐ 3-ஆல் வகுத்தால் அந்த ஏதோ ஒன்று வந்துவிடும். செயலும் அதன் நேர்மாறும் ஒன்றாகவே இருக்கும் இந்த அழகான இடத்தை நாம் வகுப்பில் நின்று பார்ப்பதே இல்லை.

உண்மையில் இங்கே இருப்பது ஒரே உறவு. 6 + 4 = 10 என்று தெரிந்தவுடன் 10 − 6 = 4, 10 − 4 = 6 இரண்டும் தெரிந்ததாகவே அர்த்தம். மூன்று எண்கள், ஒரு தொடர்பு, அதை வாசிக்கும் விதங்கள் பல. 4 × 3 = 12 என்பதும் அப்படித்தான். நமது ஆரம்ப வகுப்புகளில் கூட்டல் ஒரு பாடம், கழித்தல் அடுத்த பாடம், பெருக்கல் வாய்ப்பாடு ஒரு வருடம், வகுத்தல் இன்னொரு வருடம். நான்கும் நான்கு தனித்தனி வேலைகளாகப் பிள்ளையின் தலையில் ஏறுகின்றன. உறவாகப் பார்த்த பிள்ளைக்கு 5 ÷ 0 ஏன் கூடாது என்று யாரும் தடை போடத் தேவையில்லை: 'பூஜ்யத்தை எதால் பெருக்கினால் 5 வரும்?' என்று திருப்பிக் கேட்டுக்கொண்டால் அதற்கே விடை இல்லை என்று தெரிந்துவிடும். பின்னால் அடுக்குகள் வரும்போதும் இதே பார்வை கைகொடுக்கும். 2-இன் அடுக்கு 3 என்றால் 8. இங்கே 2-ஐயும் 3-ஐயும் இடம் மாற்றினால் 9 வந்துவிடுவதால், திரும்பிப் போக இரண்டு தனி வழிகள் தேவைப்படுகின்றன. ஒன்று மூலம், மற்றது மடக்கை. மடக்கையை வானத்திலிருந்து விழுந்த ஒன்றாகப் பார்க்கும் மாணவர்கள், கழித்தலைப் படித்த நாளில் தவறவிட்ட ஒன்றுக்குத்தான் அங்கே விலை கொடுக்கிறார்கள்.

சோவியத் காலத்து ஆரம்பப் பள்ளிகள் இந்த இருக்கைகளுக்குப் பெயர் வைத்துச் சொல்லித்தந்தன; இன்றைய ரஷ்யப் பாடநூல்களிலும் அது தொடர்கிறது. எதிலிருந்து கழிக்கிறோமோ அந்த எண் தெரியாவிட்டால் மிச்சத்தோடு கழித்ததைக் கூட்டு. கழித்த எண் தெரியாவிட்டால் முழுதிலிருந்து மிச்சத்தைக் கழி. பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் இதே மாதிரி. பிள்ளை பேனாவை எடுக்கும் முன் தெரியாத எண் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும் என்பது இதன் பலம். 10 − ய = 4-இல் 14 என்று எழுதும் பிழைக்கு இங்கே இடம் குறைவு. ஆனால் கொஞ்சம் அசந்தால் இதுவும் மனப்பாடமாகிவிடும். ஒரு விதிக்குப் பதில் ஆறு விதிகள். மாஸ்கோவில் வி. வி. டேவிடோவ் இன்னும் ஒரு படி பின்னால் போனார். எண்களைத் தொடும் முன்பே, நீளங்களையும் கொள்ளளவுகளையும் ஒப்பிடவைத்து, ஒரு முழு அளவும் அதன் இரண்டு பகுதிகளும் எப்படித் தொடர்புபடுகின்றன என்பதை முதல் வகுப்பிலேயே எழுத்துகளால் எழுதவைத்தார். நம் ஊரில் அப்படிச் செய்யலாம் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு ஆசிரியர் பயிற்சியையே புரட்டிப்போட வேண்டும்.

'எதிர்ச் சொல்' வேறு, 'நேர்மாறு' வேறு என்பதை நம் பழைய கணித நூல்கள் நன்றாகவே அறிந்திருந்தன. பின்னாலிருந்து முன்னால் போகும் முறையை ஆரியபடர் 499-இல் சொல்லிவிட்டார். பாஸ்கரரின் 1150-ஆம் ஆண்டு லீலாவதியில் இதற்கு ஒரு நீண்ட கணக்கு இருக்கிறது. ஓர் எண்ணை மூன்றால் பெருக்கி, வந்ததோடு அதன் முக்கால் பங்கைச் சேர்த்து, ஏழால் வகுத்து, வந்ததில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, வர்க்கப்படுத்தி, 52-ஐக் கழித்து, வர்க்கமூலம் எடுத்து, 8 கூட்டி, பத்தால் வகுத்தால் 2. எண் என்ன? 28.

கடைசியிலிருந்து அவிழ்த்துக்கொண்டு வந்தால், 2 இருபதாகி, பிறகு 12, 144, 196, 14, 21, 147 என்று நடந்து ஒரு முட்டுக்கட்டையில் நிற்கும். 'முக்கால் பங்கைச் சேர்' என்பதற்கு நேர்மாறு என்ன? 'முக்கால் பங்கைக் கழி' என்று சொல்லத் தோன்றும். 147-இல் முக்காலைக் கழித்தால் 84 வராது. சேர்த்தது 84-இன் முக்கால். இப்போது கையில் இருப்பது 147. அதில் ஏழில் மூன்று பங்கைக் கழித்தால்தான் 84. அதற்கும் முந்தைய அடியில், 14-இலிருந்து 21-க்குப் போனபோதும் மூன்றில் ஒன்றை அல்ல, பாதியைத்தான் சேர்த்தோம். பாஸ்கரர் இதற்குத் தனியாக விதியே சொல்லியிருக்கிறார்: பங்கைச் சேர்த்திருந்தால் பகுதியோடு தொகுதியைக் கூட்டிக்கொள், குறைத்திருந்தால் கழித்துக்கொள், பிறகு எதிர்ச் செயலைச் செய். நான்கோடு மூன்றைக் கூட்ட ஏழு. இதை இன்றைக்குக் கடைத்தெருவில் பார்க்கலாம். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து பில் 1,180 ரூபாய் என்றால் பொருளின் விலை என்ன? 1,180-இல் 18 சதவீதத்தைக் கழித்து 967 ரூபாய் 60 காசு என்பவர்கள் பட்டதாரிகளிலும் உண்டு. கழிக்க வேண்டியது 118-இல் 18 பங்கு. விலை 1,000 ரூபாய்.

கோளாறு இயற்கணிதத்துக்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது என்பதற்கு ஒரு புகழ்பெற்ற சோதனை இருக்கிறது. அமெரிக்காவில் ஃபால்க்னர், லெவி, கார்ப்பென்டர் ஆகியோர் 1999-இல் வெளியிட்ட கட்டுரையில், 8 + 4 = □ + 5 என்ற கணக்கில் கட்டத்துக்குள் என்ன வரும் என்று கேட்டார்கள். விடை 7. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 145 பேரில் ஒருவர்கூட 7 என்று சொல்லவில்லை. பெரும்பாலோர் 12 என்றார்கள். மற்றவர்கள் 17 என்றார்கள். கூட்டத் தெரியாமல் இல்லை. சமக்குறி என்றால் 'விடை வருகிறது' என்று வாசித்திருக்கிறார்கள். கனடாவில் கரோலின் கீரன் 1981-லேயே இந்த வாசிப்பை விரிவாக ஆராய்ந்திருந்தார். நம் பிள்ளைகள் 3 + 4 = 7 × 2 = 14 − 5 = 9 என்று ஒரே மூச்சில் எழுதுவதும் அதே வாசிப்பின் பிள்ளைதான். சமக்குறி விடைக்கு முன்னால் போடும் குறி என்று நம்புகிற பிள்ளையிடம் 'இரு பக்கமும்' என்று பேசத் தொடங்கினால், இன்னொரு பக்கம் எது என்றே அதற்குப் புரியாது. ஆகவே ஆசிரியர் இடமாற்று விதியை எடுப்பதை நான் சோம்பேறித்தனம் என்று நினைக்கவில்லை. அடித்தளம் இல்லாத இடத்தில் அவர் கைக்குக் கிடைத்த கட்டையை முட்டுக் கொடுக்கிறார்.

மற்றொரு கோளாறு, எந்தச் செயலை முதலில் செய்வது என்று வரிசை சொல்லும் போட்மாஸ் விதி. 20 − 5 + 3 எவ்வளவு? கூட்டல் முன்னால், கழித்தல் பின்னால் என்று மனப்பாடம் செய்த பிள்ளை 5 + 3 = 8, 20 − 8 = 12 என்கிறது. சரியான விடை 18. மைனஸ் ஐந்துக்கு மட்டும் சொந்தம். மூன்றை அது தொடவே இல்லை. மும்பையில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தில் ராக்கி பானர்ஜி, கே. சுப்ரமணியம் இருவரும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு செய்துபார்த்து 2012-இல் எழுதிய ஆய்வு இந்த இடத்தைச் சரியாகப் பிடிக்கிறது. கோவையை உறுப்புகளாகப் பிரித்து, ஒவ்வோர் உறுப்பையும் அதன் குறியோடு சேர்த்து ஒரு கட்டத்துக்குள் அடைத்துவிட வேண்டும். +20 ஒரு கட்டம், −5 ஒரு கட்டம், +3 ஒரு கட்டம். இனி எந்த வரிசையில் சேர்த்தாலும் விடை மாறாது. கழித்தல் என்று நினைத்தது குறை எண்ணைக் கூட்டுவதுதான் என்பது பேச்சில்லாமலே கைக்கு வந்துவிடும். எழுத்துகள் வரும் முன்பே, வெறும் எண்களை வைத்தே இதைச் செய்ய முடிகிறது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. 2025-இல் வந்த என்சிஇஆர்டி ஏழாம் வகுப்புக் கணிதப் புத்தகம் எண்கணிதக் கோவைகளுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கி உறுப்புகளைப் பற்றிப் பேசியிருப்பது நல்ல செய்தி. ஆசிரியர்கள் அதைச் சீக்கிரம் முடித்துவிட்டு 'உண்மையான' இயற்கணிதத்துக்குத் தாவாமல் இருக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, அவிழ்க்கும் முறையின் எல்லையையும் சொல்ல வேண்டும். இந்த எல்லையில்தான் இடமாற்று முறை தன் தகுதியைக் காட்டுகிறது. மெக்சிகோவில் ஃபில்லோய், ரோஹானோ இருவரும் 1989-இல் காட்டியது இது: தெரியாத எண் ஒரே பக்கத்தில் இருக்கும்வரை பிள்ளைகள் பின்னோக்கி நடந்து விடையை எட்டிவிடுகிறார்கள். 5ய + 2 = 3ய + 10 என்று இரண்டு பக்கத்திலும் வந்துவிட்டால் திகைத்து நின்றுவிடுகிறார்கள். எங்கிருந்து அவிழ்ப்பது? அவிழ்க்கத் தொடங்குவதற்கு வலது பக்கத்தில் ஒரு விடை இல்லை. இங்கே ய-வைத் தெரிந்த எண் போலவே கையாள வேண்டியிருக்கிறது. அதைக் கூட்டலாம், கழிக்கலாம், பக்கம் மாற்றலாம். எண்கணிதம் முடிந்து இயற்கணிதம் ஆரம்பிக்கும் கோடு இதுதான் என்பது அவர்கள் வாதம். இடமாற்று விதிக்கு இந்தக் கோடே தெரியாது; 3ய-வைத் தூக்கி இந்தப் பக்கம் போட்டுவிட்டு 2ய = 8 என்று போய்க்கொண்டே இருக்கிறது. புரிதலில்லாத துணிச்சல்தான். இருந்தாலும் கோட்டைத் தாண்டிவிடுகிறது.

இந்தக் கோட்டின் மேலேயே நிற்கிற ஒரு கணக்கை நம் கிராமத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். பறவைக் கூட்டம் ஒன்று பறந்து போகிறது. மரத்திலிருக்கும் பறவை நீங்கள் நூறு பேரா என்று கேட்கிறது. நாங்களும், இன்னும் எங்களளவும், எங்களில் பாதியும், பாதியில் பாதியும், அதோடு நீயும் சேர்ந்தால்தான் நூறு என்று பதில் வருகிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளை ய + ய + ய/2 + ய/4 + 1 = 100 என்று எழுதி, பின்னங்களோடு மல்லுக்கட்டும். பெரியவர் தாளை எடுக்க மாட்டார். கேட்ட பறவையை விலக்கினால் 99. கூட்டத்தில் நாலு பறவை என்று வைத்துக்கொள்; நாலும் நாலும் எட்டு, ரெண்டு, ஒண்ணு, ஆகப் பதினொண்ணு. 99-இல் பதினொண்ணு ஒன்பது தரம். ஒன்பது நாலு முப்பத்தாறு. கி.மு. 1550 வாக்கில் எகிப்தில் ஆமெஸ் என்பவர் படியெடுத்த பாப்பிரஸ் சுருளிலும் இதே உத்தி இருக்கிறது: ஓர் அளவும் அதன் கால் பங்கும் சேர்ந்து 15 என்றால், 4 என்று வைத்துக்கொள், 5 வருகிறது, 15-இல் 5 மூன்று தரம், ஆகவே 12.

பெரியவரின் முறையில் பக்கமும் இல்லை, குறி மாற்றமும் இல்லை. கூட்டம் எத்தனை மடங்கானால் மொத்தமும் அத்தனை மடங்காகும் என்ற ஒரே நம்பிக்கையில் அது நிற்கிறது. ஒன்றை முதலிலேயே கழித்துவிட்டதற்கும் அதுதான் காரணம். அந்த ஒற்றைப் பறவை மடங்காகாது. இந்த நுட்பம் தெரிந்த பிள்ளைக்கு ய + ய + ய/2 + ய/4 என்பது நான்கு தனித்தனி உறுப்புகளாகத் தெரியாது, 'ய-வின் பதினொரு கால்' என்று ஒன்றாகத் தெரியும். கெழுக்களைக் கூட்டுவது என்று நாம் சொல்லித்தரும் வறட்டு வேலையின் உயிர் இதில் இருக்கிறது. இந்தக் கணக்கைப் புதிராகச் சொல்லிச் சிரித்துவிட்டு, அடுத்த பீரியடில் 'ஒத்த உறுப்புகள்' என்று தலைப்புப் போட்டு வேறு பாடம் நடத்துகிறோம்.

சீர்திருத்தக்காரர்கள் இடமாற்று முறைக்கு மாற்றாக எப்போதும் நீட்டுவது தராசை. இரண்டு தட்டு, இரண்டிலும் சமம், ஒன்றில் எடுத்தால் மற்றதிலும் எடு. 5ய + 2 = 3ய + 10-க்கு இது அருமையாக வேலை செய்கிறது; இரண்டு தட்டிலிருந்தும் மூன்று பைகளை எடுத்துவிட்டால் மிச்சம் கண்ணெதிரே நிற்கும். ஆனால் ய + 7 = 3 என்று வந்தால் தட்டில் எதை வைப்பது? பெல்ஜியத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஜோயெல் விலாசிஸ் செய்து 2002-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் கண்டது. இரு பக்கமும் ஒரே செயல் என்ற கருத்தைத் தராசு பதியவைக்கிறது. குறை எண் நுழைந்ததும் பிள்ளைகள் பழையபடி குழம்புகிறார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: மளிகைக் கடையில் இப்போது இருப்பது ஒற்றைத் தட்டு எலக்ட்ரானிக் தராசு. இரட்டைத் தட்டுத் தராசைப் படத்தில் மட்டுமே பார்த்த பிள்ளைக்கு, தெரியாத சமன்பாட்டை விளக்கத் தெரியாத தராசைக் காட்டுகிறோம். தராசு சில வாரங்களுக்கு உதவும். ஒரு வருடத்துக்கு இழுக்கக் கூடாது.

என் கையில் பாடத்திட்டம் இருந்தால், ஐந்தாம் ஆறாம் வகுப்புகளில் கணக்கைப் போட்டு முடிக்காமல் பார்க்கிற பழக்கத்தைக் கொண்டுவருவேன். 47 + 38 = 48 + 37, சரியா தவறா, கூட்டாமல் சொல். 63 − 29-உம் 64 − 30-உம் ஒன்றா? 15 × 8 தெரிந்தால் 120 ÷ 8-ஐப் போட வேண்டுமா? ஒரு பீரியடின் முதல் ஐந்து நிமிடம் போதும். புத்தகம் மாற வேண்டியதில்லை. ஏழாம் வகுப்பில் சமன்பாடு வரும்போது 10 − ய-வும் 12 ÷ ய-வும் முதல் வாரத்திலேயே வரட்டும். சுலபமான ய + 5-ஐ மட்டும் முப்பது தரம் போட்டுவிட்டு அவற்றைக் கடைசிப் பயிற்சியில் ஒளித்துவைக்க வேண்டாம். சில வாரங்கள் இரு பக்கமும் செய்வதை முழு வரியாக எழுதட்டும். 3ய + 5 − 5 = 20 − 5 என்று எழுதி எழுதிக் கை வலித்த பிள்ளை ஒரு நாள் தானே கேட்கும், இந்த வரியை விட்டுவிடலாமா என்று. அன்றைக்கு இடமாற்று முறையைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

இதில் செலவு இல்லாமல் இல்லை. வாரங்கள் போகும், ஐம்பது நோட்டில் ஐம்பது விதமாக எழுதியிருப்பார்கள், திருத்த நேரமாகும். புரிந்துகொண்ட பிள்ளை மெதுவாகப் போடுவதால் காலாண்டுத் தேர்வில் விதியை மனப்பாடம் செய்த பிள்ளையைவிடக் குறைவாக வாங்கக்கூடும், பெற்றோர் வந்து கேட்பார்கள். கைவேகமும் தேவைதான் என்பதைப் புரிதல் பேசுபவர்கள் ஒத்துக்கொள்வதே இல்லை. நல்ல வேகத்தில் சமன்பாடு போட வராத மாணவருக்குப் பதினோராம் வகுப்பு இயற்பியல் நரகம்.

ஆகவே மாற்றத்தை வினாத்தாளில் தொடங்குவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும் என்று நினைக்கிறேன். 'தீர்க்க' என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பக்கத்தில் வேறு மாதிரிக் கேள்விகளும் வரட்டும்: ஒருவன் −3ய = 12-க்கு ய = 4 என்று எழுதியிருக்கிறான், எந்த வரியில் பிழை, ஏன்? பழைய நோட்டுகளில் விடைக்குக் கீழே 'சரிபார்த்தல்' என்று ஒரு வரி இருக்கும். 4-ஐ ய-வின் இடத்தில் போட்டால் −12 வருகிறது, 12 அல்ல என்று அந்த வரியிலேயே தெரிந்துவிடும். அதைச் செய்ய எந்தப் பக்கமும் மாற வேண்டாம், எந்த விதியும் நினைவில் இருக்க வேண்டாம். அந்த வரிக்கு மதிப்பெண் கிடையாது என்று தெரிந்ததும் பிள்ளைகள் எழுதுவதை விட்டுவிட்டார்கள், ஆசிரியர்களும் கேட்பதை விட்டுவிட்டார்கள். இரண்டு மதிப்பெண் கேள்வியில் அரை மதிப்பெண்ணை அதற்கு ஒதுக்கினால் அடுத்த காலாண்டிலேயே அது எல்லா நோட்டிலும் திரும்ப வந்துவிடும்.